கையை ஊன்றாமல்

"கிளட்ச்ச மெதுவா விடுங்க சார். அவசரமே இல்ல. மெதுவா…"

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை விரட்டியவர், இப்போது பள்ளிப் பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில், கற்றுக்கொடுப்பவளாக, முயல் என்று வீட்டில் கூப்பிடும் சிறுமியின் அம்மா. டிரைவிங் ஸ்கூலில் பதற்றக்காரர்கள் யார் வந்தாலும் அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவ்வளவு பொறுமைசாலி என்று பெயர்.

மடியில் இருந்த போன் அதிர்ந்தது. கொழுந்தன்.

"அண்ணி, கொஞ்சம் வர முடியுமா?"

அந்தக் 'கொஞ்சம்' அவளுக்குப் புதிதல்ல. இதே குரலில், இதே இழுவையில் முன்பும் கேட்டிருக்கிறாள்.

"பல்லா?"

"ம்."

"திரும்ப ஒடஞ்சிடுச்சா?"

"ஒடையல அண்ணி. முழுசா வந்துடுச்சு. தரையில கெடந்துச்சு. கையில வெச்சிருக்கேன்."

அவளையும் அறியாமல் அவள் கால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றார் வாத்தியார், முகம் வெளிறி.

"நீங்க இல்ல சார், நான்தான்" என்றவள் போனில் தாழ்ந்த குரலில் பேசினாள். சொற்கள் தடுமாறவில்லை. போன தடவை பல் டாக்டர் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பியிருந்தார். "வேர்ப் பக்கம் தொடாத. வெள்ளப் பக்கத்த மட்டும் பிடி. தேச்சு கீச்சு கழுவாத. ஒரு டம்ளர்ல பால் ஊத்தி அதுல போட்டுக்கோ. வண்டி பிடிச்சு நேரா டாக்டர்கிட்ட போ. நான் அங்க வந்துடுறேன். எப்படி விழுந்தா?"

"ஓடி வந்தா… தடுக்கிடுச்சு."

வாத்தியாரைப் பின் இருக்கைக்கு மாற்றிவிட்டு அவளே வண்டியை எடுத்தாள். பாதி வழியில் அவரே, "இங்க எறக்கி விட்டுடுங்க, நான் நடந்து போய்க்கிறேன். பிள்ளைய பாருங்க" என்று இறங்கிக்கொண்டார்.

முயல் என்பது அவளுடைய எட்டு வயதுப் பெண்ணுக்குக் கொழுந்தன் வைத்த பெயர். பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் இரண்டும் பெரிதாக, உதட்டுக்குள் அடங்காமல், சற்றுத் தூக்கலாக வந்திருந்தன. வீட்டுக்கு வந்த முதல் நாளே, "அட, யாரு இந்த முயலு?" என்றான் சித்தப்பா. அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கச்சேரிக் குழு ஒன்றுக்கு மைக் செட் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். குழு கலைந்து போக, ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தான். முயலின் அம்மாவுக்கும் ஆசுவாசமாகத்தான் இருந்தது. கணவன் குளிர்பதனக் கிடங்குகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். ஊர் ஊராகப் போனால் வாரக் கணக்கில் வரமாட்டான். பள்ளி விட்டு வரும் பெண்ணைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஓர் ஆள் கிடைத்தானே என்று அவள் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் விழத் தொடங்கினாள் முயல்.

முதலில் குளியலறையில். வலது முன்பல்லின் முனை போயிற்று. டாக்டர் பசை வைத்துப் பல்லை ஒட்டிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமே என்று. அடுத்தது மாடிப்படியில். ஒட்டியது பெயர்ந்து, பல்லே ஆட்டம் கண்டது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. இப்போது மூன்றாவது. அதே பல்.

பல் மருத்துவமனை வாசலில் முயல் சித்தப்பாவின் மடியில் சுருண்டிருந்தாள். சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். அவன் இடது கையில் ஒரு டம்ளர். பால் தளும்பித் தரையில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. டம்ளரின் அடியில் பல். அவ்வளவு நீளமான வேர் அந்தச் சின்ன வாய்க்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

டாக்டரம்மா முயலை நாற்காலியில் சாய்த்தார். மரத்துப் போக ஊசி போட்டார். பல்லை உப்புநீரில் அலசினார். பல் இருந்த குழியில் கட்டியிருந்த ரத்தத்தைக் கழுவி எடுத்தார். பிறகு பல்லை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உள்ளே அழுத்தினார். முயலின் கால்கள் நாற்காலியில் விறைத்தன. அம்மா அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

மெல்லிய கம்பி ஒன்றைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிட்டுத்தான் டாக்டர் முகக் கவசத்தை இறக்கினார்.

"பால்ல போட்டு சீக்கிரம் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. வேர் நுனி இன்னும் மூடல. உள்ள ரத்த ஓட்டம் திரும்ப வர வாய்ப்பிருக்கு. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கம்பி ரெண்டு வாரம் இருக்கட்டும். முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாது." கையுறையைக் கழற்றினார். "எப்படி விழுந்தா?"

"சும்மா நின்னுட்டிருந்தா டாக்டர். அப்படியே விழுந்துட்டா" என்றான் கொழுந்தன்.

முயலின் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். போனில் ஓடி வந்து தடுக்கியது என்றவன், இங்கே நின்றபடி விழுந்தாள் என்கிறான்.

"நீ சொல்லு கண்ணு. எப்படி விழுந்த?"

முயல் கண்ணைக் கீழே போட்டாள். "தெரியல."

டாக்டர் அவள் இரண்டு கைகளையும் எடுத்து விளக்கடியில் மல்லாத்திப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கை. அவ்வளவு நேரம் பல்லைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் குழந்தைகிட்ட தனியா பேசணும்."

"நான் அம்மா, டாக்டர்."

"தெரியும்மா. கொஞ்ச நேரம்."

கதவு சாத்தப்பட்டது.

காத்திருக்கும் அறையில் சுவரோரம் ஒரு மீன் தொட்டி. கொழுந்தன் அதன் பக்கத்தில் போய் நின்றான். அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்தாள். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். நகக்கண்ணில் காய்ந்த ரத்தம். நேற்றுவரை அந்தக் கைகளைப் பற்றி அவள் எதுவும் நினைத்ததில்லை. அந்தக் கைகள்தான் முயலுக்குத் தலை வாரின, புத்தகத்துக்கு அட்டை போட்டன.

"தண்ணி வேணுமா அண்ணி?"

"வேணாம்."

கதவு திறந்தது. டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முயலை உதவியாளர் அடுத்த அறைக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்க அழைத்துப்போயிருந்தாள்.

"உக்காருங்க. சுத்தி வளைக்காம கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது தடவ. அதே பல்லு. தூக்கின பல்லுக்கு அடி சுலபமா படும், அது வாஸ்தவம். ஆனா விழுற குழந்தை முதல்ல கைய ஊணும். உள்ளங்கை சிராய்க்கும், முட்டி தேயும். உங்க பொண்ணு கையில ஒரு கீறல் இல்ல. போன தடவையும் இல்ல, நான் எழுதி வெச்சிருக்கேன். உங்க வீட்டுல யாராவது குழந்தை மேல கை நீட்டுவாங்களா?"

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"ரெண்டு விதமாத்தான் இப்படி ஆகும். ஒண்ணு, யாராவது அடிக்கணும், இல்ல தள்ளணும். இன்னொண்ணு…"

டாக்டர் பேசிக்கொண்டே போனார். அவர் உதடு அசைவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காமல் உட்கார்ந்திருப்பாளா, நரம்பு டாக்டர், சோதனை என்று துண்டு துண்டாக ஏதோ வந்து விழுந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனம் முதல் வார்த்தையிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. யாராவது அடிக்கணும். மூன்று தடவையும் வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள்.

"நான் பல் உறை செஞ்சு குடுக்கலாம்மா. அது விளையாடி விழுற பிள்ளைக்கு. இவ எதனால விழுறான்னு தெரியாம உறை போட்டு என்ன பிரயோஜனம்? நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. சரியா?"

"சரிங்க டாக்டர்" என்றாள். எங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் மனதில் பதியவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மருந்து மயக்கத்தில் முயல் தூங்கிவிட்டாள். அவளைப் படுக்கையில் கிடத்தி, ரத்தச் சட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு முயலின் அம்மா சமையலறைக்கு வந்தாள். கொழுந்தன் டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட டம்ளர்.

"தம்பி, கேக்குறதுக்கு பதில் சொல்லு. எப்படி விழுந்தா?"

"டாக்டர்கிட்ட சொன்னேனே அண்ணி."

"போன்ல ஓடி வந்தான்னு சொன்ன."

அவன் குழாயை மூடினான். "பதட்டத்துல சொல்லிட்டேன். விழுந்தான்னா எல்லாரும் அதானே சொல்லுவாங்க. நெஜமா சும்மாதான் நின்னா. அந்த ஜன்னல்கிட்ட. ஏதோ சொல்லிட்டே இருந்தவ பாதியில நிறுத்திட்டா. கூப்பிட்டேன், கேக்கல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு அண்ணி, ஆனா ஒரு மாதிரியா…"

"சும்மா நின்னவ எப்படி விழுவா?"

"அதான் எனக்கும் புரியல. முன்னாடி ரெண்டு வாட்டியும் நான் பக்கத்துல இல்ல, சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். இன்னிக்குத்தான் கண்ணால…"

"போதும்."

அவள் குரல் உயரவில்லை. உள்ளே குழந்தை தூங்குகிறாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடி என் பொண்ணு ஒரு தடவ விழுந்ததில்ல. சேட்ட பண்ணினாளா? கோவத்துல கை ஓங்கிட்டியா? சொல்லிடு. உங்க அண்ணன்கிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன்."

கொழுந்தன் அவளையே பார்த்தான். முகத்தில் கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டிய மாதிரி ஒரு திகைப்பு மட்டும் வந்து, அப்படியே நின்றது.

"நானா அண்ணி?"

"டாக்டரே கேக்குறாங்க."

"டாக்டர் கேக்கட்டும். நீங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே போதுமாக இருந்தது அவனுக்கு. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். அலமாரி திறக்கும் சத்தம். பையின் ஜிப். படுக்கை அறை வாசலில் ஒரு கணம் நின்றான். முயல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள், கம்பி மினுங்கியது. உள்ளே போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பகல் வெளிச்சத்தில், சொந்தக் கொழுந்தனுக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்ட தன் கையைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது.

முயல் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேலுதடு இட்லிப்பானை மூடி மாதிரி வீங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்து அவளே சிரித்தாள், வலித்ததும் நிறுத்தினாள்.

"தித்தப்பா எங்கம்மா?" கம்பியில் 'சி' வழுக்கியது.

"வெளிய போயிருக்காரு. வா, பழம் மசிச்சு வெச்சிருக்கேன்."

அம்மா தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே நிற்கவைத்து, கரண்டியால் ஊட்டினாள். முயல் பின்பல் பக்கம் ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினாள்.

"முயலு. அம்மா ஒண்ணு கேப்பேன். யாரும் திட்ட மாட்டாங்க. சித்தப்பா உன்ன அடிச்சாரா?"

"தித்தப்பாவா?" முயலுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அவருக்கு கொசுவயே அடிக்கத் தெரியாதும்மா. நான்தான் அடிச்சுக் குடுப்பேன். டாக்டரும் இதையேதான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அடிக்கலன்னு சொன்னேன். எப்படி விழுந்தேன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலம்மா. ஜன்னல்கிட்ட நின்னேனா. அப்புறம் பாத்தா தரையில இருக்கேன். நடுவுல இருந்தத காணோம்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "காணோம்னா?"

"காணோம். பள்ளிக்கூடத்துலகூட அப்படி ஆகும். டீச்சர் ஒண்ணு சொல்லுவாங்க, உடனே பாத்தா போர்டுல வேற என்னமோ இருக்கும். அப்புறம் நான் பக்கத்துல இருக்கிறவள…"

முயல் நிறுத்தினாள்.

யோசிக்கிறாள் என்று நினைத்தாள் அம்மா. "பக்கத்துல இருக்கிறவள?"

பதில் இல்லை. கண்கள் திறந்திருந்தன. அம்மாவைத்தான் பார்த்தன, ஆனால் அம்மாவைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. இமைகள் படபடவென்று சிறகடித்தன.

"முயலு? ஏய், முயலு…"

நின்றபடியே அவள் முன்னால் சாய்ந்தாள். கால் மடங்கவில்லை, கை எழும்பவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் துணி மாதிரி தொங்க, முகம் நேராகத் தரையைப் பார்த்து வந்தது. கரண்டி எங்கே போயிற்று என்று தெரியாது. முயலின் நெற்றி வந்து அம்மாவின் உள்ளங்கையில் மோதியது. அந்தச் சின்னத் தலை அவ்வளவு கனக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கிண்ணம் உருண்டு சுவரோரம் போய்க் கவிழ்ந்தது.

அவள் அசையவில்லை. அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் போல இருந்தது. கைக்குள் இருந்த தலையில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் கவனித்தாள். மூச்சு மணிக்கட்டில் பட்டது.

"அம்மா, ஏன் என் தலையப் பிடிச்சிட்டிருக்க?" என்று எரிச்சலோடு நிமிர்ந்தாள் முயல். கீழே பார்த்தாள். "யாரு பழத்தக் கொட்டினது?"

மகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அவள் தாடையைத் தாங்கியபடி, மறு கையால் பல் டாக்டருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம் அப்படி இருந்தா?"

"ரெண்டு மூச்சு விடுற நேரம் இருக்கும்."

"இதுக்குத்தாம்மா நரம்பு டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னேன். நான் சொன்ன அந்த இன்னொண்ணு இதுதான். இப்படி நொடிப் பொழுது நினைவு தப்புறது."

"நீங்க சொன்னது என் காதுல ஏறல டாக்டர்."

"சரி, இப்ப கேளுங்க. காலையில முதல் ஆளா போங்க, நான் அவர்கிட்ட பேசிடுறேன். அதுவரைக்கும் கைய விட்டு விடாதீங்க. மாடிப்படி வேண்டாம், அடுப்புப் பக்கம் வேண்டாம், குளியலறைக் கதவத் தாழ் போட விடாதீங்க. அடுத்தடுத்து வந்தாலோ, எழுந்திரிக்க நேரமானாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. மருந்து இருக்கும்மா இதுக்கு, பயந்து ஒடிஞ்சு போகாதீங்க. ஆனா விட்டுட்டா, அடுத்த தடவ பல்லோட போகும்னு சொல்ல முடியாது."

போனை வைத்ததும் கொழுந்தனின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். அதே குரல், அதே பதில்.

யாரோ கதவைத் தள்ளினார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. முயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தாள். கணவன். தோளில் கருவிப் பை, உடம்பெல்லாம் கிரீஸ் வாசம். மத்தியானம் தம்பி போனில் சொன்னதைக் கேட்டு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"என்ன தாழ்ப்பாளெல்லாம்? காட்டு, பல்லக் காட்டுடா கண்ணு." பார்த்துவிட்டுச் சுற்றும் முற்றும் திரும்பினான். "அவன் எங்க?"

அவள் சொன்னாள். டாக்டர் கேட்டதிலிருந்து, சமையலறையில் தான் கேட்டது வரை, பழக் கிண்ணம் வரை, எதையும் விழுங்காமல் சொன்னாள். இடையில் அழ வேண்டும் போல இருந்தது. அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அவன் கத்தவில்லை. பையை இறக்கி வைத்தான். மகளின் தலையை ஒரு தடவை தடவினான்.

"அவனுக்கு நம்மள விட்டா யாரும் இல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். போங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. நான் வரணும்னாலும் இவள விட்டுட்டு வர முடியாது."

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. அவள் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், முயல் மடியில், தாடை உள்ளங்கையில். முயல் எதையோ கேட்கும்போதெல்லாம் உடனே பதில் சொன்னாள். முயல் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு குழந்தை ஒரு நிமிடத்துக்குள் எத்தனை தடவை சும்மா இருக்கும் என்பதை இத்தனை வருடத்தில் இன்றுதான் கவனித்தாள். ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தாள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அண்ணி." பின்னால் வண்டிகளின் இரைச்சல். "என் போன்ல சார்ஜ் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சுடுறேன். கோவப்படாம கேளுங்க. முயல தனியா நிக்க வெக்காதீங்க. பக்கத்துல நின்னா பத்தாது, முன்னாடி இருங்க. அவ முன்பக்கமாத்தான் சாயுறா. நான் பக்கவாட்டுல இருந்தேன், எட்டல. திரும்ப விழுந்தாளா?"

"இல்ல தம்பி. பிடிச்சுட்டேன்."



"அப்ப நீங்களும் பாத்துட்டீங்க."

"பாத்தேன். பாத்துட்டேன் தம்பி. நான் சொன்னத எல்லாம்… எங்க இருக்க? உங்க அண்ணன் தேடிட்டு வராரு. அங்கயே நில்லு. தம்பி?"

தொடர்பு அறுந்தது. அதே எண்ணுக்குத் திருப்பி அடித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். வேறு யாரோ எடுத்தார், வயதான குரல்.

"இது கடை போனுங்க. அந்தத் தம்பி குடுத்துட்டு ஓடிப் போய் பஸ் ஏறிட்டாரே."

"எந்த பஸ்ஸுங்க?"

"ஆள் மேல கண்ணா இருந்தேன்மா, அழுதுட்டே பேசினாரு. பஸ்ஸப் பாக்கலையே."